கலங்காத கரைசல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் உப்பையும் நீரையும் பற்றிப் பேச வந்த என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். அணுசக்தி நகரிலே வேதியியல் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பது போன்றது என்பதையும் நான் அறிவேன். எனினும், "மண்ணின்றிப் பால்கனியில் கீரை வளர்க்கிறோம், சத்துத் தூள்களைக் கரைத்தால் நீர் பால்போல் கலங்குகிறது, அடியில் வெள்ளையாகப் படிகிறது, என்ன செய்வது?" என்று நம் குடியிருப்பில் பலர் கேட்கின்றனர். விடை கூறுமாறு செயலாளர் என்னைப் பணித்தார்.

மண்ணில்லாப் பயிர் முறை நேற்றுப் பிறந்ததன்று. 1860-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்னும் அறிஞர்கள் உப்புக் கரைசலிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினர். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பார் அதனை ஆய்வுக்கூடத்திலிருந்து தோட்டத்துக்குக் கொணர்ந்தார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் 1937-இல் வழங்கலாயிற்று. அடுத்த ஆண்டிலேயே அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்ட், ஆர்னன் இருவரும் ஒரு சிறு வெளியீட்டில் கரைசல் அளவுகளைத் தந்தனர். நம் நாட்டில் 1946-ஐ ஒட்டிக் கலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இம்முறையைச் சோதித்தார். அவருடைய 'வங்காள முறை' நூல் 1951-இல் வெளிவந்தது.

நிற்க. என் சொந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றபின் எனக்கும் இவ்வாசை பிறந்தது. ஒவ்வொரு நாளும் நிறுத்துக் கரைக்கச் சோம்பி, ஒரு மாதத்துக்கு வேண்டிய உப்புகள் அனைத்தையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கினேன். நீர் வெளுத்தது. மறுநாள் அடியில் மாவுபோல் படிந்திருந்ததை அழுக்கென்று கருதி, வடிகட்டி எறிந்துவிட்டு, மேல்நீரைச் செடிகளுக்கு விட்டேன். சில வாரங்களில் கீரையின் இளந்தளிர்கள் நுனி கருகின. தக்காளிக் காய்களின் அடிப்புறம் கறுத்தது. பசியென்று எண்ணி இன்னும் உரமிட்டேன், நிலைமை முற்றியது.

அப்பொழுது என் மனைவி கேட்ட கேள்வியை மறக்க இயலாது. "பாயசம் திரிந்துவிட்டால் விருந்தினர் இலையில் இடுவோமா? திரிந்த தண்ணீரைச் செடிக்கு ஏன் ஊற்றினீர்கள்?" என்றார். வேதியியல் பட்டம் பெற்ற நான் வாயடைத்து நின்றேன். நான் அழுக்கென்று எறிந்தது செடிகளின் உணவேயன்றோ!

என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். கால்சியம் நைட்ரேட், நீரில் மிக எளிதாகக் கரைவது. எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட்டும் அவ்வாறே. தனித்தனியே சாதுவானவை. ஆனால் செறிந்த நிலையில் சந்தித்தால் கால்சியமும் சல்பேட்டும் கைகோத்து ஜிப்சமாகிவிடும். ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ இரண்டரைக் கிராமே கரையும். பிள்ளையார் சதுர்த்திக்குப் பம்பாய் முழுவதும் செய்த பாரிஸ் சாந்துச் சிலைகளின் மூலப்பொருள் அதுவே. கீரை வளர்க்கப் புகுந்த நான், வாளியின் அடியில் பிள்ளையார் பிடிக்கத் தொடங்கியிருந்தேன்! பாஸ்பேட்டோ கால்சியத்தோடு சேர்ந்து, இன்னும் கரையாத கால்சியம் பாஸ்பேட்டாகும். இரும்பும் பாஸ்பேட்டோடு கூடிப் படிந்துவிடும்.

அப்படியாயின் செடிக்கு இவையனைத்தையும் ஒன்றாக ஊட்டுவது எங்ஙனம்? விடை, செறிவில் இருக்கிறது. ஹோக்லண்ட் அளவுப்படி ஒரு லிட்டர் நீருக்குக் கால்சியம் நைட்ரேட் 1.18 கிராம், எப்சம் உப்பு 0.49 கிராம். இவை முழுதும் சேர்ந்தாலும் மூன்றில் ஒரு பங்கு கிராம் ஜிப்சமே உண்டாகக்கூடும். அது கரைந்தே இருக்கும். அதே கரைசலை நூறு மடங்கு செறிவாக்கினால் லிட்டருக்கு 34 கிராம் ஜிப்சம் உண்டாகும். அதில் 30 கிராமுக்கு மேல் அடியில் விழும். கொதிக்கும் வெல்லப்பாகில் பாலை ஊற்றினால் திரிகிறது. ஆறியபின் ஊற்றினால் திரிவதில்லை. பொருள் அவையே; சேரும் நிலைதான் வேறு.

ஆகவே இரண்டு பாத்திரங்கள் வேண்டும். முதற் கரைசலில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும் மட்டும். இரண்டாவதில் பாஸ்பேட்டும் சல்பேட்டும் உள்ளவை அனைத்தும். நூறு மடங்குச் செறிவில் ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் செய்யும் முறையைக் கூறுகிறேன்.

முதலாவது: கால்சியம் நைட்ரேட் 118 கிராம், இரும்பு 13 விழுக்காடு உள்ள இ.டி.டி.ஏ. இரும்பு 2 கிராம். இரண்டாவது: பொட்டாசியம் நைட்ரேட் 51 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 14 கிராம், எப்சம் உப்பு 49 கிராம், அவற்றோடு போரான், மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, மாலிப்டினம் அடங்கிய நுண்சத்துக் கலவை, உறையில் குறித்த அளவு. கடையில் உரமாக விற்கும் கால்சியம் நைட்ரேட்டில் அம்மோனியமும் கலந்திருப்பதுண்டு. அதன் கால்சியம் விழுக்காட்டை உறையில் படித்து நிறையைத் திருத்திக் கொள்க. ஒரு லிட்டர் செறிவில் 20 கிராம் கால்சியம் அமைய வேண்டும். 19 விழுக்காடு உள்ள தூளாயின் 105 கிராம் போதும்.

கரைக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். முக்கால் லிட்டர் வெதுவெதுப்பான நீரை முதலில் எடுத்துக்கொள்க. நைட்ரேட் உப்புகள் கரையும்போது நீரைக் குளிர்விக்கும்; குளிர்ந்த நீரில் கரைதல் தாமதமாகும். ஓர் உப்பைச் சிறிது சிறிதாகத் தூவி, நீர் முற்றும் தெளிந்தபின்னரே அடுத்ததை இடுக. இரும்பை, நீர் ஆறியபின் இறுதியில் சேர்க்க. பின்பு ஒரு லிட்டராக நிரப்புக. தூள்களை உலர்ந்த நிலையில் ஒன்றாகக் கலந்து வைத்தல் கூடாது. கால்சியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பம்பாய் மழைக்காலத்தில் எல்லாம் கட்டிப்பட்டுவிடும். இரண்டு கரைசல்களுக்கும் ஒரே கரண்டியைக் கழுவாமல் பயன்படுத்தலும் ஆகாது.

செடிக்கு விடும்போது, தொட்டியில் முதலில் நீரை நிரப்புக. லிட்டருக்கு 10 மில்லி முதற் கரைசலை விட்டு நன்கு கலக்குக. அதன்பின் 10 மில்லி இரண்டாங் கரைசல். இரண்டையும் ஒரே அளவுக் குவளையில் சேர்த்து ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். இளங்கீரைக்கு இதில் பாதி அளவே போதுமானது.

இனி, நீரின் குணம். நமக்கு வரும் குழாய் நீர் தான்சா, வைதர்ணா, பாத்சா முதலிய மழைநீர் ஏரிகளிலிருந்து வருவது, மென்மையானது. கிணற்று நீரோ வண்டி நீரோ கடினமாயிருக்கலாம். காரத்தன்மை மிகுந்தால் மெல்லிய கரைசலிலும் கால்சியம் பாஸ்பேட் படியும். பி.எச். எண் 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் நிற்கட்டும். இரும்பை நண்டின் கொடுக்குபோல் பற்றிக் காப்பது இ.டி.டி.ஏ.; பி.எச். 6.5-ஐத் தாண்டினால் அதன் பிடி தளரும். ஒளியும் அதனைச் சிதைக்கும். ஆதலால் புட்டிகளைக் கறுப்புத் தாளால் மூடி, இருட்டில் வைக்க.

எல்லாக் கலங்கலும் குற்றமன்று. ஓர் உப்பைத் தனியே கரைக்கும்போதே தோன்றும் மங்கல், பெரும்பாலும் மலிவுத் தூளிலுள்ள மண், தெளியவிட்டு வடிகட்டலாம். இரண்டு தெளிந்த கரைசல்கள் சேர்ந்தபின் தோன்றும் வெண்மையே திரிதல். அதை எவ்வளவு கலக்கினும் மீளாது. அந்நீரை மண்தொட்டிச் செடிகளுக்கு மிக நீர்த்து ஊற்றிவிட்டுப் புதிதாகச் செய்வதே சிக்கனம். ஐயமிருப்பின் ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிதளவு கலந்து, இரவு முழுதும் வைத்து, காலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க. இன்னொன்று: நைட்ரேட் உப்புகள் தீயை வளர்ப்பவை, அடுப்பங்கரையிலும் குழந்தைகள் கைக்கு எட்டுமிடத்திலும் வைக்கலாகாது.

இம்முறையால் நெல் விளைவித்து நம் பசியை ஆற்றலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாட்டுங்காச் சந்தைக்குப் போய்த் தேடி வாங்கும் மணத்தக்காளிக் கீரை நம் வீட்டுப் பால்கனியில் தளிர்ப்பதைக் காண்பது தனி இன்பம். ஊர் மண்ணை விட்டு வந்த நமக்கு அது சிறிய ஆறுதலன்று.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு ஒன்றும், பி.எச். தாள்களும் நம் சங்கம் வாங்கி வைக்கட்டும். உறுப்பினர் முறைவைத்து எடுத்துச் செல்லலாம். ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கிச் செலவழிக்க வேண்டுவதில்லை. என்னைப்போல் கண்ணளவில் கொட்டிக் காசையும் செடியையும் இழக்க வேண்டுவதுமில்லை. தராசுக்கு முதல் நன்கொடை என்னுடையதாக இருக்கட்டும்.