வேலைக்கு வந்தவர் வீடு திரும்ப வேண்டும்

(மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளையொட்டி நம் சங்கக் கூட்டத்தில் பேசியது. வர இயலாதவர்களுக்காக இங்கே.)



"பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. நான் பி.காம். படித்துவிட்டு வங்கிக் கவுன்டரில் காலம் தள்ளியவன். நாரணாபுரத்தில் பாதுகாப்பைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். பட்டாசு ஆலையில் போர்மேனாக, பேக்கிங்கில், ஆபீஸில் என்று வேலை பார்த்தவர்கள் பலர். ஆகவே எனக்குத் தெரிந்த கணக்கு வழியாகவே சொல்கிறேன்.

வங்கியில் ஒவ்வொரு கிளைக்கும் ரொக்கத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் பணம் சேர்ந்தால் அனுப்பிவிட வேண்டும். பெட்டக அறைக்குச் சாவி இரண்டு. அவை இரண்டு பேரிடம் இருக்கும். எங்கள் மேல் சந்தேகம் இருந்ததால் வைத்த விதி அல்ல அது. தப்பு நடந்தே தீரும், நடக்கும்போது நஷ்டம் குறைவாக இருக்கட்டும் என்று யோசித்து வைத்த விதி.

பட்டாசு ஆலை விதியும் இதேதான். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் கூடாது. அன்றைய வேலைக்கு வேண்டிய மருந்து மட்டும்தான் அறைக்குள் இருக்கலாம். அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். இரும்புக் கருவி கூடாது, நைலான் துணி கூடாது. மருந்தில் ஓர் உராய்வு போதும் தீப்பிடிக்க. அதை முழுக்கத் தடுக்க முடியாது என்று தெரிந்துதான், பிடித்தால் ஓர் அறையோடு போகட்டும் என்று எண்ணிக்கையில் கட்டுப்பாடு வைத்தார்கள்.

வரம்பு மீறினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பார்த்தோம். குறைகளுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட ஆலை அது. ஆனாலும் வேலை நடந்தது. ஆட்களும் அதிகம், சரக்கும் அதிகம். கிட்டத்தட்ட 40 உயிர்கள் போயின. அதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளிகளே அல்ல. முதலில் பிடித்த தீயைப் பார்த்து, காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள்.

2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பட்டாசுக் கடையில் வண்டியில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ஸ்கேன் மையத்தில் இருந்தவர்கள். நெருப்பு அவர்களைத் தொடவில்லை, புகைதான் கொன்றது.

"இதெல்லாம் ஆலை முதலாளிகளுக்குச் சொல்ல வேண்டியது, நமக்கு எதற்கு?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம் சங்கமும் ஒரு முதலாளிதான் என்று எனக்கு உறைத்தது, நான் பொருளாளராக இருந்தபோது.

கழிவுநீர்த் தொட்டி நிரம்பியிருந்தது. இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஒன்று உறிஞ்சும் லாரி. இன்னொன்று கயிறும் வாளியுமாக வருகிற இரண்டு ஆட்கள். பின்னதில் 2,000 ரூபாய் மிச்சம். வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை வந்தார்கள். மூடியைத் திறந்து, ஓர் இளைஞர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டிருந்தார். பால் வாங்கப் போன நம் பக்கத்து பிளாக்காரர், போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அதைப் பார்த்துச் சத்தம் போட்டார். "தம்பி, மேலே வா. உள்ளே கேஸ் இருக்கா பாத்தியா?"

அந்தத் தம்பி சிரித்தார். "எப்பவும் இப்படித்தான் அண்ணாச்சி எறங்குவோம். ஒண்ணும் ஆகாது."

"எங்க ஆலையிலயும் இதையேதான் சொல்லுவாங்க" என்றார் போர்மேன்.

அவர் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. என்னைக் கீழே வரச் சொன்னார். வந்தேன், எரிச்சலோடுதான் வந்தேன். கடைசியில் வந்தவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு லாரியை வரவழைத்தோம். பட்ஜெட்டில் துண்டு விழுந்ததே என்றுதான் அன்று பகல் முழுக்க எனக்குக் கவலை. ராத்திரி படுத்த பிறகுதான் அந்தத் தம்பியின் கால் கண்ணுக்குள் வந்தது. அவருக்கு என் மகனைவிட வயது குறைவு.

அந்தத் தொட்டிக்குள் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப் போகும், நாற்றமே தெரியாது. "நாத்தம் இல்லையே" என்று இறங்குகிறவர் சில மூச்சில் மயங்கி விழலாம். அவரைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குவார், பிறகு மூன்றாவது ஆள். முதலிப்பட்டியில் ஓடி வந்தவர்களின் கதையேதான் இங்கும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. நான் மிச்சம் பிடித்தது 2,000.

ஆகவே, நம் சங்கம் தீர்மானமாக எழுதி வைக்க வேண்டியவை என்று நான்கு சொல்கிறேன்.

ஒன்று. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்கக் கூடாது. லாரிதான். யாராவது உள்ளே விழுந்துவிட்டாலும் நாம் இறங்கக் கூடாது. 101, 108க்குச் சொல்ல வேண்டும். பாதுகாப்பாகச் சுத்தம் செய்ய உதவி எண் 14420.

இரண்டு. மோட்டார், லிப்ட், மின்சாரப் பலகை எதில் வேலை நடந்தாலும் மெயினை அணைத்துப் பூட்ட வேண்டும். சாவி வேலை செய்கிறவர் பையில் இருக்க வேண்டும். "தண்ணி வரலையே" என்று யாரோ கீழே வந்து சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. எங்கள் பெட்டகச் சாவி மாதிரிதான் இதுவும்.

மூன்று. வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர், மேல்தொட்டி கழுவுபவர் இடுப்பில் பெல்ட் கட்டி, அது உறுதியான இடத்தில் மாட்டப்பட்டிருந்தால்தான் வேலை தொடங்க வேண்டும். கொட்டேஷனிலேயே இதை எழுதி வாங்குவோம்.

நான்கு. காப்பீடு. தீப்பெட்டித் தொழில் பற்றிய சிவகாசி வழக்கில், தொழிலாளருக்கு 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1990லேயே சொல்லிவிட்டது. நம் வாட்ச்மேன்களுக்கும் துப்புரவு செய்யும் அம்மாக்களுக்கும் என்ன இருக்கிறது என்று நாம் கேட்டதுண்டா? ஏஜென்சி மூலம் வருகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று பார்ப்போம். அது தவிர, பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை கணக்கு. மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் திட்டம் விட்டுப்போன எத்தனையோ பேரை நான் கவுன்டரில் பார்த்திருக்கிறேன். அந்த 20 ரூபாயைச் சங்கம் கட்டட்டும். வாரிசு பெயர் எழுதியிருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

நம் வீட்டுக்கும் இரண்டு வார்த்தை. மாடிப்படியில் பழைய சாமான், சைக்கிள், தீபாவளிக்கு வாங்கி மீந்த பட்டாசு, எதுவும் இருக்கக் கூடாது. புகை வந்தால் இறங்க நமக்கு இருப்பது அந்தப் படி ஒன்றுதான். சுற்றுவட்டாரத்தில் எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் மொட்டை மாடிக்கோ பைக்கை எடுத்துக்கொண்டோ பிள்ளைகளைப் போக விடாதீர்கள். நாம் போனால் தீயணைப்பு வண்டிக்கும் வழி அடைபடும்.

காலையில் டிபன் பாக்ஸோடு பெண்கள் ஆலை வேனில் ஏறுவதை நாம் தினமும் பால்கனியிலிருந்து பார்க்கிறோம். அவர்கள் சாயங்காலம் திரும்ப வேண்டும் என்று மனசுக்குள் நினைக்காதவர் இந்த ஊரில் இல்லை. நம் கேட்டுக்குள் வேலைக்கு வருகிறவருக்கும் அதே நினைப்போடு ஒருவர் வீட்டில் காத்திருப்பார்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் காப்பீட்டு விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருப்பேன். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களை வங்கிப் பாஸ்புக்கோடும் ஆதாரோடும் அனுப்பி வையுங்கள். கொட்டேஷன் விஷயத்தில் அடுத்த பொருளாளர் என்னைப் போல 2,000 மிச்சம் பிடித்தால், தயவுசெய்து சத்தம் போடுங்கள்.