வெயிலில் காயும் செல்

டார்ச் லைட் மங்கினால் செல்லைக் கழற்றி வெயிலில் காய வைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். அது வெறும் நம்பிக்கை இல்லை. சூடு ஏறினால் உள்ளே நடக்கும் ரசாயன வினை கொஞ்சம் வேகம் பிடிக்கும். மிச்சம் மீதி இருப்பது வெளியே வரும். ஆனால் ஆயுள் கூடாது. கொஞ்ச நேரம் எரியும், அவ்வளவுதான்.

விலை குறைந்த சாதாரண செல்லில் துத்தநாகக் கூடுதான் எதிர்முனை. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அந்தக் கூடே கரைகிறது. ஒருநாள் ஓட்டை விழுந்து கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அடைமழை இரவில் கரண்ட் போகும்போதுதான் நாம் அதைப் பார்ப்போம்! மாசக்கணக்கில் தொடாத டார்ச்சுக்குள் செல்லைப் போட்டு வைக்காதீர்கள். கழற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

ரெண்டில் ஒன்றை மட்டும் புதுசாக மாற்றும் சிக்கனமும் வேண்டாம். பழசு முதலில் தீர்ந்துவிடும். புதுசு அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கசிவு அங்கேதான் ஆரம்பம்.

சார்ஜ் ஏற்றும் டார்ச் பலவற்றில் இருப்பது ஸ்கூட்டரில் இருப்பதுபோன்ற ஈய-அமில பேட்டரி. சார்ஜ் இறங்கியபடியே பீரோவில் கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து செத்துவிடும். மாசம் ஒருமுறை சார்ஜில் போடுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் வெயில் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வீங்கும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை டார்ச்சைத் திறந்து, அந்த ஸ்பிரிங்கைப் பார்த்துவிடுங்கள்.