பஸ்ஸுக்கு ஒரு நாள் காசு



போன மாதம் ஆறு வயது மகனை இடுப்பில் சுமந்து ஒரு தாயார் நம் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். பையனுக்கு மூளை முடக்குவாதம். "நிராமயா இன்சூரன்ஸ் போட்டிருக்கிறீர்களா அம்மா?" என்று கேட்டோம். அப்படி ஒன்று உண்டென்பதே அவருக்குத் தெரியாது.

1999-ஆம் வருடச் சட்டப்படி ஏற்பட்ட தேசிய அறக்கட்டளையின் திட்டம் அது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே; வந்துபோய்ச் செய்யும் பயிற்சிக்கு நிராமயாதான் கைகொடுக்கும். ஆனால் முதலில் நாம் செலவழித்து, ரசீது அனுப்பித்தான் பணம் பெற வேண்டும்.

இங்கே நாங்களே தவறினோம். பல வருடமாகத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தோம். அது எதற்கும் உதவாது. இப்போது பெயர், தேதி, சிகிச்சை விவரத்தோடு முறையான ரசீது தருகிறோம்.

ஊனச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் ஆரம்பமாகாது. சான்றிதழ் கிடைத்தால் பஸ் சலுகை உண்டு; அதை வாங்கப் போகும் பஸ்ஸுக்கு இல்லை! அன்றைய கூலியும் போய்விடும். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். வருகிற செவ்வாய்க்கிழமை அந்தத் தாயார் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போகிறார். நம் ஊழியர் ஒருவரும் கூடப் போகிறார்.