நாயகர்களை ஆக்குவோர் யார்?

ஆங்கிலத்தில் 'ஹீரோ' என்றொரு சொல் உண்டு. அதனைத் தமிழில் பெயர்க்கும்போது வீரன் என்பதா, தலைவன் என்பதா, கதாநாயகன் என்பதா என்று நாம் தயங்க நேரிடுகிறது. மூன்றும் வெவ்வேறு பொருளன. ஆயினும் மக்கள் மனத்தில் இவை எளிதில் ஒன்றாகிவிடுகின்றன.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். மிசௌரி மாநிலத்து ஜெஸ்ஸி ஜேம்ஸ் வங்கிகளையும் இரயில்களையும் கொள்ளையிட்டவன், கொலையும் புரிந்தவன். 1882-ஆம் ஆண்டில் தன் கூட்டாளி ஒருவனால் சுடப்பட்டு மாண்டான். செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்தவன் என்று அவனைப் பாடல்கள் புகழ்ந்தன. 1939-இல் திரைப்படமும் வெளிவந்தது. அவன் அவ்வாறு ஈந்ததற்கு நம்பத்தக்க சான்று ஏதுமில்லை. உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பினருக்குத் தம் மனப்புண்ணை ஆற்ற ஒரு வீரன் வேண்டியிருந்தது. அந்த வேட்கையே அவனை வீரனாக்கிற்று.

நாம் வாழும் மும்பையிலும் இத்தகைய கதை உண்டு. தூத்துக்குடியிலிருந்து வந்த வரதராஜ முதலியார் விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் சுமை தூக்கிப் பிழைத்தார். 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்திற்குப்பின் பெருகிய கள்ளச்சாராயத் தொழிலும் கடத்தலும் அவரை உயர்த்தின. மாதுங்கா இரயில் நிலையத்தருகே அவர் அமைத்த விநாயகர் சதுர்த்திப் பந்தல் பெரும்புகழ் பெற்றது. 1987-இல் அவர் வாழ்க்கையின் சாயலில் 'நாயகன்' திரைப்படம் வந்தது. மறு ஆண்டுத் தொடக்கத்தில் அவர் சென்னையில் காலமானார்.

தாராவி மக்கள் அவரைப் போற்றியது அறியாமையால் அன்று. 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. குடிநீர்க் குழாயும் குடும்ப அட்டையும் கிட்டாத நிலையில் வாழ்ந்தோர் பலர். அரசு அலுவலகத்தின் கதவு திறவாதபோது, திறந்திருந்த வேறொரு கதவை அவர்கள் தட்டினர். ஆயின் அக்கதவுக்குப் பின்னால் இருந்த தொழிலின் விலையைக் கொடுத்தவரும் ஏழையரே. 2015-இல்கூட மாலாட் மால்வணியில் நச்சுச்சாராயம் நூற்றுக்கு மேற்பட்ட உழைப்பாளரின் உயிரைக் குடித்ததை நாம் அறிவோம்.

திரைப்படத்தின் இறுதியில் பேரன், தாத்தா நல்லவரா கெட்டவரா என்று வினவுகிறான். அவருக்கு விடை தெரியவில்லை. நம் பிள்ளைகளும் இதனைக் கேட்பார்கள். அவர் செய்த உதவியையும் சொல்வோம். அவர் செய்த தொழிலையும் மறையாது சொல்வோம். அத்துடன், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் பதனிடும் சாலைகளில் உழைத்தோரையும், 1932-இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவியோரையும் எடுத்துக் கூறுவோம். அச்சங்கத்தின் பள்ளிகளில் இன்றும் பிள்ளைகள் பயில்கின்றனர்.