குழந்தை ஓர் அமானிதம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதங்களுள் நம் மழலைச் செல்வங்கள் முதன்மையானவர்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத அவர்களுக்காகப் பேசக் கடமைப்பட்டவர்கள் நாமே.

கொரோனா பெருந்தொற்று ஓய்ந்திராத 2022 செப்டம்பரில், நமது புதுச்சேரியில் குழந்தைகளிடையே காய்ச்சல் வேகமாகப் பரவியது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 17ஆம் தேதி முதல் 25 வரை அரசு விடுமுறை அளித்தது. 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோதும் 16 முதல் 26 வரை பள்ளிகள் மூடப்பட்டன.

அந்நாட்களில் மருத்துவர்களுக்கு ஏற்பட்ட சிரமம் யாதெனில், ஃப்ளூ, கொரோனா, கைக்குழந்தைகளை வாட்டும் ஆர்.எஸ்.வி. ஆகிய மூன்றுமே காய்ச்சல், இருமல், மூக்கொழுகல் என ஒரே தோற்றத்தில் வருகின்றன. கண்ணால் பார்த்து மட்டும் இன்ன கிருமி என்று உறுதி கூற இயலாது. எனவேதான் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, ஆர்.டி.பி.சி.ஆர். முறையில் கிருமியின் மரபுக்கூற்றைத் தேடுகின்றனர். முதல் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தாலும், ஐயமிருப்பின் மீண்டும் சோதிப்பதுண்டு. அதற்காக மருத்துவரைக் குறை கூறலாகாது.

இச்சோதனையின் பயன் என்ன? குழந்தையை எந்த வார்டில் சேர்ப்பது என்பது அதனால் தெளிவாகும். பக்கத்துப் படுக்கைக் குழந்தையும் காக்கப்படும். ஃப்ளூவுக்குரிய மருந்தை நோய் தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் கொடுத்தால் பலன் அதிகம். வைரஸை ஒழிக்காத ஆன்டிபயாடிக் மருந்தை வீணாகக் கொடுப்பதும் தவிரும்.

ஆனால் நம்மில் சிலர், தனிமைப்படுத்தி விடுவார்களோ, ஊரார் ஏசுவார்களோ என அஞ்சி, வீட்டுப் பெரியவருக்கு இருமல் இருந்ததை மருத்துவரிடம் மறைக்கின்றனர். "பச்சைக் குழந்தைக்குக் குச்சி விடாதீர்கள்" என்று தடுக்கின்றனர். அருமைச் சகோதரர்களே! நாம் மறைக்கும் ஒரு வார்த்தைக்கு விலை கொடுப்பது அக்குழந்தையின் மூச்சன்றோ? உண்மையை மறைப்பது அமானிதத்திற்குச் செய்யும் மோசடியாகும். நோய்வாய்ப்பட்ட குடும்பத்தை ஏசுவதும் நமக்கு ஹலாலன்று. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது பிறரைக் காப்பதற்கே, எவரையும் இழிவுபடுத்துவதற்கன்று.

தாய்மார்களே! குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். அருகிலேயே கலித்தீர்த்தாள்குப்பத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும், கோரிமேட்டில் ஜிப்மரும் உள்ளன.

துஆவும் செய்வோம், மருந்தும் கொடுப்போம். மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி உரைப்போம். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பூரண ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.