கோத்துப் பார்க்கும் நான்கு பங்கு

மரக் கட்டுமானத்தின் வரலாற்றை ஆராய்பவர்களும் அதைத் தொழிலாகச் செய்பவர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்கச் சொன்னதைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். சொல்லும் ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்டு என்னைப் பழக்கிய மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் தயக்கமும் இருக்கிறது.

'வரைபடம் முதல் நிறுவல் வரை' என்பது மாநாட்டின் பொதுத் தலைப்பு. மரத் தேர்வு, பணிமனை வரைபடம், வெட்டுப் பட்டியல், ஏற்றிச் செல்வது, சாரம், கிரேன் எனப் படிகளை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பச்சை ஓக் காயும்போது எப்படிச் சுருங்கும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் அடுத்தடுத்த அமர்வுகளில் பேசப் போகிறார்கள். எனக்குத் தந்த நேரத்தை நம் துறை புரட்டாமல் விட்ட சில அத்தியாயங்களுக்குச் செலவிட அனுமதி வேண்டுகிறேன்.

சீனாவின் சோங் அரசு 1103இல் அச்சிட்டு வெளியிட்ட 'யிங்சாவோ ஃபாஷி' நூலைச் சொல்கிறேன். அரசுக் கட்டுமானத் துறை அதிகாரி லீ ஜியே 1097இல் ஆணை பெற்று 1100இல் எழுதி முடித்தது. பிற்காலத்தில் ஏறக்குறைய மறக்கப்பட்டு, 1919இல் சூ சீச்சியான் என்பவர் நாஞ்ஜிங் நூலகத்தில் அதன் கையெழுத்துப் படியைக் கண்ட பிறகே ஆய்வுலகுக்குத் திரும்பி வந்தது. மொத்தம் 34 அத்தியாயங்கள். 3 முதல் 15 வரை செய்முறை விதிகள். கடைசி ஆறு படங்கள். இவற்றை எல்லோரும் படித்திருக்கிறோம். நடுவில் 16 முதல் 25 வரை வேலையாள் கணக்கு, 26 முதல் 28 வரை பொருள் கணக்கு. இந்தப் பதின்மூன்றையும் நம் ஆய்வுகள் தாண்டிச் சென்றுவிட்டன.

வரலாற்றாசிரியர் லியாங் ஸச்செங் இந்த நூலைச் சீனக் கட்டடக் கலையின் இலக்கண நூல்களில் ஒன்று என்றார். அவர் உழைப்பு இல்லையென்றால் நம்மில் யாருக்கும் இந்நூல் புரிந்திருக்காது. ஆனாலும் அந்தப் பார்வையோடு எனக்கு உடன்பாடில்லை. இதற்கு முன்பு 1091இல் தொகுத்த விதி நூல் ஏன் தள்ளப்பட்டது? வேலைக்கும் பொருளுக்கும் அது தந்த அளவு தளர்வாக இருந்தது, முறைகேட்டைத் தடுக்க வழியில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அந்தக் குறையைத் தீர்க்கவே லீ ஜியே அமர்த்தப்பட்டார். எட்டுத் தரங்களாகப் பிரித்த அடிப்படை மர அளவுகூட, உயரம் 15 அகலம் 10 என்ற அந்த விகிதம், அழகுக்கு உதவியது போலவே மதிப்பீட்டாளருக்கும் உதவியது. கட்டடத்தின் தரம் தெரிந்தால் எத்தனை துண்டு, எந்த அளவு, எத்தனை ஆள்நாள் என்று தளத்தில் கால் வைக்கும் முன்பே கணக்கிடலாம். இது திட்ட மேலாண்மை நூல்.

கணக்கின் நுட்பத்தைப் பாருங்கள். ஒரு நாள் வேலை என்பது ஆண்டு முழுதும் ஒரே அளவு இல்லை. சந்திர மாதக் கணக்கில் நான்கு முதல் ஏழு வரை நெடுநாள். பத்து முதல் அடுத்த ஆண்டின் முதல் மாதம் வரை குறுநாள். நெடுநாளுக்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வேலை, குறுநாளுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைவு. மரம் வன்மரமா மென்மரமா, படகு நீரோட்டத்தோடு போகிறதா எதிர்த்துப் போகிறதா என்பதற்கெல்லாம் தனித்தனி அளவு.

நான் வாதிட வந்த வரி பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. தூண், உத்திரம் முதலியவற்றைச் செய்ய ஆகும் வேலை பத்துப் பங்கு என்றால், அவற்றைக் கோத்துப் பார்த்துச் சீவிச் சரிசெய்ய நான்கு பங்கு கூட்ட வேண்டும். நிமிர்த்தி நிறுத்த, சாரம் கட்ட, கைமரம் அடித்து முடிக்க இன்னும் இரண்டு பங்கு. தூண்களுக்கிடையே ஐந்து இடைவெளியும் மூன்று மாடிக்குக் குறையாமலும் உள்ள மாளிகை என்றால் இரண்டாம் மாடியிலிருந்து மேலும் இரண்டு. சாதாரணக் கட்டடத்தில் பதினாறு பங்கில் தள நிறுவல் எட்டில் ஒன்றுதான். கோத்துப் பார்ப்பது அதைப் போல இரு மடங்கு.

நிறுவும் நாளையே நம் துறை கொண்டாடுகிறது. கட்டுரைகளில் படம் அதற்கே. கால அட்டவணையில் தடித்த கோடும் அதற்கே. கழுந்து துளையில் ஏறாமல் நிற்கும்போது தரையில் வைத்து உளியால் இரண்டு சீவல் எடுக்கும் வேலைக்கு மதிப்பீட்டில் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. அதே இரண்டு சீவலைச் சாரத்தின் மேல், கிரேன் வாடகை ஓட ஓட எடுக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பது இங்கே தளத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

இந்த நான்கு பங்கு தூண்தலைப் போதிகை அடுக்குக்கு மட்டும் உரியது என்று நண்பர் ஒருவர் முன்பொரு கருத்தரங்கில் மறுத்தார். போதிகைக்கான நான்கு பங்கு பதினேழாம் அத்தியாயத்தில் தனியே இருக்கிறது. பத்தொன்பதாம் அத்தியாயம் கட்டடத்தின் உள்ளே வரும் தூண், விட்டம் முதலியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இன்னொருவர், அது அலுவலர்கள் கணக்கில் ஊதிவைத்த தொகை என்றார். தளர்வை இறுக்க வந்தவர் இவ்வளவு பெரிய தளர்வை விட்டுவைத்திருக்க மாட்டார். மேலும், நூலின் 3,555 விதிகளில் 3,272 தொழிலாளரிடம் வழிவழியாக வந்தவை என்று லீ ஜியேயே எழுதுகிறார். பழைய ஏடுகளிலிருந்து எடுத்தவை 283 மட்டும்.

கணினி எந்திரம் துல்லியமாக வெட்டும்போது கோத்துப் பார்ப்பது வீண் செலவு என்போருக்கும் மரியாதையோடு பதில் சொல்கிறேன். உலர்ந்த, ஒட்டிச் செய்த உத்திரங்களுக்கு அது பெருமளவு உண்மை. பச்சை மரத்துக்கும், பழைய சுவரோடு சேர வேண்டிய சட்டகத்துக்கும் அது பொருந்தாது. பழைய எடுத்துக்காட்டு ஒன்று: 1390களில் தச்சர் ஹியூ ஹெர்லண்ட், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் கூரை மரங்களை ஃபார்ன்ஹாம் அருகே சட்டகமாக்கி, வண்டியிலும் தேம்ஸ் வழிப் படகிலும் லண்டனுக்கு அனுப்பினார். அந்தக் கூரையின் பாரம் வளைவு வழியாக இறங்குகிறதா சுவரிலிருந்து நீளும் கைவிட்டம் வழியாகவா என்று பல பத்தாண்டுகள் வாதிட்ட நாம், ஃபார்ன்ஹாமில் என்ன நடந்தது என்பதற்கு அதில் கால்வாசிக் கவனம்கூடத் தரவில்லை. பாரிஸ் நோத்ர்-தாம் பேராலயக் கோபுரத்தின் ஓக் அடித்தளத்தை 2023இல் லொரேன் பகுதிப் பணிக்கூடத்தில் முழுதாகக் கோத்துப் பார்த்துவிட்டே பிரித்துத் தலைநகருக்கு அனுப்பினார்கள். கணினி வரைபடம் கையில் இருந்தும் அதைச் செய்தார்கள். 2024 டிசம்பரில் பேராலயமும் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பதின்மூன்று அத்தியாயங்களையும் தமிழில் கொண்டுவர ஒரு குழு இந்த மாநாட்டிலேயே அமையட்டும். கட்டுமான மேலாளர்களுக்கு ஒன்று: அடுத்த மதிப்பீட்டில் கோத்துப் பார்ப்பதைத் தனி வரியாக எழுதி, அதற்குரிய நாட்களையும் கூலியையும் எதிரே குறியுங்கள். செலவுக் குறைப்பு என்று யார் வந்து கேட்டாலும் அந்த வரியை விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.