காலுக்கேற்ற கட்டு

முள்ளிவாய்க்காலைச் சேர்ந்த பள்ளிக்கூட அதிபர் ஒருவன் பனிச்சறுக்கலைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்றால் உங்களிற் பலருக்குச் சிரிப்பு வரக்கூடும். ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் நந்திக்கடலும் சூழ்ந்த எங்கள் மணல் நிலத்தில் பனி பொழிந்ததாக எந்தப் பாட்டனும் சொன்னதில்லை. ஆயினும் எங்கள் ஊரிற் பிறந்தோரின் பிள்ளைகள் இன்று கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் வளர்கின்றனர். நாங்கள் கடலில் விளையாடினோம். அவர்கள் பனியில் விளையாட விரும்புகின்றனர். அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், இங்கிருந்து அவர்களுக்காகக் கவலைப்படும் உற்றாருக்கும் பயன்படத்தக்க சிறு செய்தி ஒன்றையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

என் தங்கை கனடாவில், ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் வாழ்கிறாள். அவளுடைய மகனுக்கு அப்போது வயது 15. பனிப்பலகை வாங்கித் தரவேண்டுமென்று அவன் பிடிவாதம் பிடித்தான். பனிப்பலகை என்பது ஒரே பலகை. அதன்மீது பக்கவாட்டாக நின்று, இரண்டு கால்களையும் பலகையோடு பிணைத்துக்கொண்டு மலைச்சரிவில் வழுக்கி இறங்குவர். பிணைக்கும் அந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் பைண்டிங் என்று பெயர். நாம் கட்டு என்போம். பலகையைப் பற்றித் தங்கைக்குக் கவலை இல்லை. கட்டைப் பற்றியே அவள் கலங்கினாள். ஓரிரவு தொலைபேசியில் என்னை அழைத்து, "அண்ணா, ஓடவேண்டிய வேளையில் ஓட முடியாதபடி இரண்டு கால்களையும் கட்டிக்கொள்வது ஒரு விளையாட்டா?" என்று கேட்டாள்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்தப் பிள்ளையின் தமக்கையை இடுப்பில் சுமந்துகொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவள் அவள். அவள் கேள்வியின் வேர் எங்கேயுள்ளது என்பது எனக்குத் தெரியும். ஆதலால் அதனை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மருமகனுக்கும் விடை சொல்லவேண்டும். தங்கைக்கும் விடை சொல்லவேண்டும். இரண்டும் ஒரே விடையாக இருக்கவேண்டும். அதனைத் தேடத் தொடங்கினேன்.

இந்த விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. 1965ஆம் ஆண்டு நத்தார் நாளன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், ஷெர்மன் பொப்பன் என்பவர் தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை ஒன்றாக இணைத்துக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்த பலகையில் காலுக்குக் கட்டு இல்லை. முனையில் கையாற் பிடிக்க ஒரு கயிறு மட்டும் இருந்தது. 1977இல் வெர்மொண்ட் மாநிலத்தில் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்ரர் என்பவர் பலகை செய்யும் தொழிலைத் தொடங்கினார். காலைப் பிணைக்கும் கட்டு பலகையிற் சேர்ந்த பின்னரே, விரும்பிய பக்கம் அதனைத் திருப்பும் ஆற்றல் மனிதனுக்கு முழுமையாகக் கிடைத்தது. 1998இல், ஜப்பானின் நகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. ஆகவே, கட்டு என்பது காலுக்கு இட்ட விலங்கன்று. காலின் கட்டளையைப் பலகைக்கு எடுத்துச் செல்லும் தூதன் என்றே அதனைக் கொள்ளவேண்டும்.

இதனை நான் நூலறிவால் மட்டும் சொல்லவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் கட்டுமரத்திற் கடலுக்குப் போனவர். மரங்களை ஆணியடித்து இறுக்காமல் கயிற்றாற் கட்டுவதற்குக் காரணம் கேட்டேன். "அலை அடிக்கும்போது மரம் கொஞ்சம் அசைய வேண்டும். அசையாத கட்டு உடையும், அசைந்துகொண்டே இருக்கும் கட்டு அவிழும்" என்றார். பிடியும் வேண்டும், நெகிழ்வும் வேண்டும். எது எவ்வளவு என்பது கடலையும் ஆளையும் பொறுத்தது. பனிப்பலகையின் கட்டுக்கும் இதுவே இலக்கணம்.

மார்கழி விடுமுறையில் தங்கை வீட்டுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. நான் போய்ச் சேருமுன்பே மருமகன் தன் சேமிப்பைக் கொண்டு ஒரு கடையிற் கட்டு வாங்கிவிட்டான். கடைக்காரர் இருந்தவற்றுள் விலை கூடியதை, மிக விறைப்பானதை எடுத்துக் கொடுத்திருந்தார். கொலிங்வூட் நகரை அடுத்த புளூ மவுண்டன் சரிவுக்கு அவனோடு போனேன். முற்பகல் முழுவதும் அவன் விழுந்தான், எழுந்தான், மீண்டும் விழுந்தான். கெண்டைக்கால் வலிக்கிறதென்றான். நண்பகலில் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, "மாமா, இது எனக்குச் சரிவராது" என்றான். குறை தன்னிடமே உள்ளது என்று அவன் முடிவு செய்துவிட்டதைக் கண்டபோது எனக்கு மனம் நொந்தது.

அங்கே பழக்குநராக இருந்த ஒருவர் அவனுடைய கட்டைக் கையால் வளைத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நீ எப்படிச் சறுக்க விரும்புகிறாய்?" கடையில் எவரும் கேட்காத கேள்வி அது. தேர்வு முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

சறுக்குவோரை மூவகையாகப் பிரிக்கலாம். குதித்தும் சுழன்றும் விளையாட விரும்புவோர் முதல் வகையினர். அவர்களுடைய கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பவேண்டும்; தவறாக வந்து இறங்கினாலும் கட்டு அதனைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். அவர்களுக்கு மென்மையான கட்டு பொருந்தும். செங்குத்தான சரிவிலும் ஆழ்ந்த பனியிலும் விரைந்து இறங்குவோர் இன்னொரு வகையினர். கால் நினைத்த கணத்திலேயே பலகை திரும்பவேண்டுமாகையால் அவர்களுக்கு விறைப்பான கட்டு தேவை. இவ்விரண்டுக்கும் நடுவே, மலையின் எல்லாப் பகுதிகளிலும் சுற்றித் திரிவோர் உளர். அவர்களுக்கு நடுத்தரமே ஏற்றது. தயாரிப்பாளர் பலர் இந்த விறைப்பை 1 முதல் 10 வரை எண்ணிட்டுக் காட்டுவர். பொதுவாக 4க்கு உட்பட்டது மென்மை, 5ம் 6ம் நடுத்தரம், 7க்கு மேற்பட்டது விறைப்பு. ஆனால் ஒரு நிறுவனத்தின் 5 மற்றொரு நிறுவனத்தின் 5க்குச் சரிநிகராக இருக்கவேண்டும் என்பதில்லை. கையால் வளைத்துப் பார்ப்பதே நன்று.

புதிதாகப் பழகுவோன் மென்மைக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டதைக் கொள்வதே முறை. விறைப்பான கட்டு, வல்லவனின் கட்டளையை உடனே நிறைவேற்றுவது போலவே, பழகாதவனின் தடுமாற்றத்தையும் உடனே பலகைக்குச் சொல்லிவிடும். என் மருமகனுக்கு நேர்ந்தது இதுவே.

அடுத்தது அளவு. கட்டைத் தனியே வாங்கலாகாது. போட்டுக்கொள்ளும் சப்பாத்தை உடன் கொண்டுபோய் வாங்கவேண்டும். சப்பாத்தின் குதி, கட்டின் பின்புறத்தில் இடைவெளியின்றி அமரவேண்டும். கணுக்கால் வாரும் விரல் வாரும் சப்பாத்தின் நடுவில் வந்து படியவேண்டும். வாரைப் பூட்டியபின் முன்னே சாய்ந்து பாருங்கள். குதி மேலெழும்பினால் அக்கட்டு உங்களுக்குரியதன்று. வாரே இல்லாமல் மிதித்தவுடன் பூட்டிக்கொள்ளும் கட்டு ஒன்றை 2017இல் பர்ட்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது வசதியானதே; ஆயினும் அதற்கென்று செய்த சப்பாத்து இல்லாவிடின் பயன்படாது. பலகையிலுள்ள திருகாணித் துளைகளின் அமைப்பும் பலவகைப்படும். கட்டு அதிற் பொருந்துமா என்பதையும் கேட்டறிந்துகொள்ளவேண்டும்.

மூன்றாவது கோணம். பலகைக்குக் குறுக்காக நேரே நிற்பது 0 பாகை. பெரும்பாலோர் முன்காலைச் சிறிது முன்னோக்கியும் பின்காலைச் சிறிது பின்னோக்கியும் திருப்பி நிற்பர். இரு பக்கமும் 15 பாகை வைத்து, தாரா நிற்பதுபோல் நிற்போரும் உளர். விரைந்து இறங்குவோர் இரு கால்களையுமே முன்னோக்கித் திருப்புவதுண்டு. எந்தக் கால் முன்னே நிற்கவேண்டும் என்பதும் ஆளுக்காள் வேறுபடும். ஒருவர் ஓடிவந்து வழுக்கும் தரையிற் சறுக்கும்போது எந்தக் காலை இயல்பாக முன்னே வைக்கிறாரோ, பெரும்பாலும் அதுவே அவருடைய முன்கால்.

பழக்குநர் வாடகைக்குக் கிடைத்த மென்மையான கட்டொன்றைப் பொருத்தி, கோணத்தையும் திருத்திக் கொடுத்தார். பிற்பகலிலும் மருமகன் விழுந்தான். ஆனால் பொழுது சாயுமுன் இடமும் வலமுமாக நான்கு திருப்பங்கள் திரும்பி என் முன்னே வந்து நின்றான். பலகையும் அதுவே, சரிவும் அதுவே, பையனும் அவனே. மாறியது கட்டு ஒன்றுதான்.

இனித் தங்கையின் கேள்விக்கு வருவோம். இரண்டு கட்டைகளிற் சறுக்குவோருக்கு, விழும்போது சப்பாத்தைத் தானே விடுவிக்கும் கட்டு உண்டு. பனிப்பலகையின் கட்டு தானே விடுவதில்லை. அவள் அச்சம் பொய்யன்று. ஆனால் இரண்டு கட்டைகளில் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு பக்கம் முறுகக்கூடும். அதனால் முழங்காலுக்கு ஊறு நேரும். ஒரே பலகையில் இரு கால்களும் சேர்ந்தே திரும்புவதால் முழங்கால் காயம் குறைவு. விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டுக் காயமே மிகுதி. ஆதலின் தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இன்றிச் சரிவில் ஏறலாகாது. ஏற்றக் கதிரையிற் செல்லும்போது பின்காலை அவிழ்த்துவிடவேண்டும். ஆழ்ந்த பனியுள்ள மரச்செறிவுக்குள் தனியே போகவே கூடாது. இவற்றை ஒன்றும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன்.

பின்னர் எங்கள் ஊர்ப் பழைய மாணவன் ஒருவனை அவளுக்கு நினைவூட்டினேன். போரில் ஒரு காலை இழந்தவன் அவன். முதலிற் கிடைத்த செயற்கைக் கால் தொடையில் உராய்ந்து புண்ணாக்கியது. கால் இருந்தும் அவன் திண்ணையிலேயே கிடந்தான். தொடை பொருந்தும் கிண்ணத்தை அளவெடுத்து மாற்றிய பிறகு மிதிவண்டியில் சந்தைக்குப் போய்வந்தான். அமெரிக்கரான மைக் ஷுல்ட்ஸ் என்பவரும் 2008இல் ஒரு காலை இழந்தவரே. தமக்கேற்ற செயற்கை முழங்காலைத் தாமே வடிவமைத்து, 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் பனிப்பலகைப் போட்டியொன்றில் தங்கம் வென்றார். பொருந்தாத கட்டு காலுள்ளவனையும் முடக்கும். பொருந்திய கட்டு காலிழந்தவனையும் மலையேற்றும். தங்கை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த முறை நானும் கடைக்கு வருகிறேன், அவன் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு போவோம்" என்றாள்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை கட்டு வாங்கக் கேட்டால் விலையைக் கடைசியில் பாருங்கள். எவ்வாறு சறுக்க விரும்புகிறான் என்று முதலிற் கேளுங்கள். சப்பாத்தைப் போட்டுப் பாருங்கள். ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பழகச் சொல்லுங்கள். அவன் தடுமாறினால், அவன் ஆற்றலைக் குறைகூறுமுன் கட்டைச் சோதியுங்கள். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு பழகிய ஆசிரியன் நான். "இது எனக்குச் சரிவராது" என்று தலைகுனிந்த மாணவர் பலரை என் வகுப்பறையிற் கண்டிருக்கிறேன். அவர்களுள் எத்தனை பேருக்குப் பொருந்தாத கட்டை நாங்களே பூட்டிவிட்டோமோ என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.